ரப்பர் டயர் ஷாக்கைத் தடுக்குமா? ஆர்.வி. மின்சாரம்: சில தவறான நம்பிக்கைகள்

அமெரிக்காவில் இருக்கும் நண்பர் ஒருவர் ஆர்.வி. வாடகைக்கு எடுத்துக் குடும்பத்தோடு கிளம்பியிருந்தார். படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ள வீட்டு வண்டி அது. மழை விட்ட ஒரு மாலையில் முகாமிலிருந்து போன் செய்தார். "பொண்ணு வெறுங்காலோட நின்னு கதவுப் பிடியைத் தொட்டா சுள்ளுங்குதுன்னு சொல்றா. டயர் ரப்பர்தானே, ஒண்ணும் ஆகாதில்ல?"

"யாரும் வண்டியைத் தொடாதீங்க. முதல்ல வெளியில இருக்கிற மின்பெட்டியில பிரேக்கரை அணைங்க" என்றேன். அன்றைக்கு அவசரத்தில் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக எழுதிவைக்கிறேன்.

டயர் காப்பாற்றுமா?

ரப்பர் மின்சாரத்தை எளிதில் கடத்தாது என்பது சரிதான். சிக்கலே அதில்தான் இருக்கிறது. ஏதோ ஒரு கருவியில் கசிவு ஏற்பட்டு வண்டியின் உலோக உடம்பில் மின்சாரம் ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எர்த் கம்பி சரியாக இருந்தால் அதன் வழியாகப் பெரிய மின்னோட்டம் பாய்ந்து பிரேக்கர் விழுந்துவிடும். எர்த் அறுந்திருந்தால்? டயர் வழியாகவும் இறங்க முடியாது. மொத்த வண்டியும் 120 வோல்ட்டில் சத்தமில்லாமல் நிற்கும். உள்ளே இருப்பவருக்கு எதுவும் தெரியாது, மின்கம்பியில் உட்கார்ந்த காக்கை மாதிரி. ஈரத் தரையில் நின்று கதவைத் தொடுகிறவர்தான் மின்சாரத்துக்கு வழியாகிறார்.

மண்ணில் கம்பி அடித்தால் போதுமா?

"சரி, ஒரு இரும்புக் கம்பியை மண்ணில் அடித்து வண்டியோடு இணைத்துவிடலாமே?" பலர் சொல்லும் யோசனை இது. கணக்குப் போட்டுப் பாருங்கள். மண்ணின் தடை 25 ஓம் என்றால் 120 ÷ 25 = 4.8 ஆம்பியர்தான் ஓடும். 30 ஆம்பியர் பிரேக்கர் அசையக்கூட அசையாது. வண்டியும் மின்னேற்றத்தோடுதான் நிற்கும். கசிந்த மின்சாரம் புறப்பட்ட இடத்துக்கே திரும்பத் தடை குறைந்த ஒரு செம்புக் கம்பி வேண்டும். அதுதான் எர்த் கம்பியின் வேலை. மண் அந்த வேலையைச் செய்யாது.

50 ஆம்பியர் என்பது 30-ஐ விடக் கொஞ்சம்தான் அதிகமா?

இல்லை. 30 ஆம்பியர் இணைப்பில் 120 வோல்ட் லைன் ஒன்றுதான்: 3,600 வாட். 50 ஆம்பியர் இணைப்பில் அப்படி இரண்டு லைன்கள்: 12,000 வாட். மூன்று மடங்குக்கும் மேல்.

இதில் விலை கொடுக்க வைக்கும் தவறு ஒன்றும் உண்டு. வீட்டில் ஆர்.வி.க்கு 30 ஆம்பியர் பாயின்ட் வைக்கச் சொன்னால், துணி உலர்த்தும் இயந்திரத்துக்கு வைப்பதுபோல 240 வோல்ட் கொடுத்துவிடும் எலக்ட்ரீஷியன்கள் உண்டு. செருகிய உடனே மைக்ரோவேவ், ஏ.சி. எல்லாம் புகைந்துவிடலாம். செருகும் முன் மீட்டரால் அளந்து பார்ப்பதே நல்லது.

பேட்டரியில் ஏ.சி. ஓடுமா?

விளக்கு, தண்ணீர் பம்ப், ஹீட்டர் விசிறி ஆகியவை பொதுவாக 12 வோல்ட்டில் ஓடுபவை. வெளி மின்சாரத்தில் செருகியிருந்தாலும் அப்படித்தான். 120 வோல்ட்டை 12 ஆக்கித் தருவது கன்வெர்ட்டர். இன்வெர்ட்டர் இதற்கு நேர் எதிர்.

ஏ.சி. கதை வேறு. 100 ஆம்பியர்-மணி லெட்-ஆசிட் பேட்டரியில் இருப்பது சுமார் 1,200 வாட்-மணி. ஆயுள் கெடாமல் எடுக்கக்கூடியது அதில் பாதி. 1,500 வாட் ஏ.சி.க்கு அது 24 நிமிடம், அதுவும் காகிதத்தில்தான். இன்வெர்ட்டரில் இழப்பு உண்டு. 125 ஆம்பியருக்கு மேல் இழுத்தால் பேட்டரி அதையும்கூட முழுசாகத் தராது.

நண்பருக்கு என்ன ஆச்சு?

இரண்டு கோளாறுகள் சேர்ந்திருந்தன. முகாமின் சாக்கெட்டில் எர்த் கழன்றிருந்தது. வண்டியின் வாட்டர் ஹீட்டரில் கசிவு. ஒன்று மட்டும் இருந்திருந்தால் அன்றைக்கு யாருக்கும் சுள்ளென்று இருந்திருக்காது. அப்பா ஷூ போட்டிருந்ததால் அவருக்கு எதுவும் தெரியவில்லை.

ஆகவே, மின்பெட்டி பிரேக்கரை அணைத்துவிட்டே பிளக்கைச் செருகுங்கள். போட்டபின், தொடாமலே மின்சாரம் காட்டும் டெஸ்டரை வண்டியின் உலோகத்தருகே கொண்டுபோய்ப் பாருங்கள். அது கத்தினாலோ, லேசாகச் சுள்ளென்றாலோ, உள்ளே இருப்பவர்கள் பிரேக்கர் அணையும் வரை இறங்க வேண்டாம். ஒரு கால் தரையில், ஒரு கை கதவில் என்று இருக்கும் அந்த நொடிதான் ஆபத்து.