எலெக்ட்ரானுக்கு அனுமதி இல்லை!

அவித்த முட்டையின் ஓட்டை உரிக்கும்போது, உள்ளே மெல்லிய தோல் ஒன்று ஒட்டிக்கொண்டு வருமே, பார்த்திருப்பீர்கள். அதுதான் சவ்வு. அதுபோல மெல்லியதாக, பிளாஸ்டிக்கில் செய்த சவ்வை நம்பி இரண்டு பேர் ஏறக்குறைய எட்டு நாள் விண்வெளியில் இருந்தார்கள் என்றால் நம்புவீர்களா?

1965 ஆகஸ்ட் 21. அமெரிக்காவின் கோர்டன் கூப்பர், பீட் கான்ராட் இருவரும் ஜெமினி-5 விண்கலத்தில் கிளம்பினர். அத்தனை நாளுக்கும் பேட்டரிகளை ஏற்றினால் கனம் தாங்காது. எனவே, மனிதர்கள் சென்ற விண்கலத்தில் முதன்முறையாக எரிபொருள் மின்கலம் வைக்கப்பட்டது.

அதன் ஒரு பக்கம் ஹைட்ரஜன், மறுபக்கம் ஆக்சிஜன். நடுவே சவ்வு. பொல்லாத வாசல்காரன் அது! பிளாட்டினத்தின் உதவியால் ஹைட்ரஜன் அணு, புரோட்டான், எலெக்ட்ரான் என இரண்டாகப் பிரியும். புரோட்டானை மட்டும் சவ்வு உள்ளே விடும். எலெக்ட்ரானுக்கு அனுமதி இல்லை. பாவம், அது வெளியே உள்ள கம்பி வழியாகச் சுற்றிக்கொண்டுதான் மறுபக்கம் போக வேண்டும். அந்த ஓட்டம்தான் மின்சாரம்! மறுபக்கம் போனதும் இரண்டும் ஆக்சிஜனோடு சேர்ந்து தண்ணீராகிவிடும். புகையே கிடையாது.

சவ்வில் ஓட்டை விழுந்தால்? வாயுக்கள் கலந்து தீப்பிடிக்கலாம்!

கிளம்பிய சில மணி நேரத்திலேயே வேறொரு சோதனை வந்தது. ஆக்சிஜன் தொட்டியின் ஹீட்டர் பழுதாகி, அழுத்தம் மளமளவென்று குறைந்தது. பயணத்தை முடித்துக்கொள்ளலாமா என்றுகூட யோசித்தார்கள். கருவிகளை அணைத்துவிட்டுக் காத்திருந்தனர். நல்லவேளை, குறைந்த அழுத்தத்திலும் மின்கலம் வேலை செய்தது! ஆகஸ்ட் 29-ல் பத்திரமாகக் கடலில் இறங்கினர்.

ஆனாலும் அந்தச் சவ்வில் ஒரு குறை. அது மெல்ல மெல்லச் சிதைந்து தண்ணீரில் கலந்தது. அதனால் மின்கலம் தந்த தண்ணீரைக் குடிக்க முடியவில்லை. குடிநீரைத் தனியே கொண்டு போக வேண்டியிருந்தது.

அடுத்து வந்தது, டூபாண்ட் நிறுவனம் 1960-களில் உருவாக்கிய 'நஃபியான்' சவ்வு. தோசை ஒட்டாமலிருக்கக் கல்லில் பூசுகிறார்களே டெஃப்லான், அதற்கு இது தம்பி முறை! சீக்கிரம் சிதையாது. ஆனால் செல்லப்பிள்ளை. எப்போதும் ஈரமாகவே இருக்க வேண்டும். காய்ந்துபோனால் புரோட்டானுக்கும் வழிவிடாது. ஈரம் அதிகமானாலோ, வாயு வரும் வழி அடைபட்டுவிடும்.

2014-ல் டொயோட்டா வெளியிட்ட மிராய் கார் இந்த வகை மின்கலத்தில்தான் ஓடியது. ஒரு கலம் தருவது ஒரு வோல்ட்டுக்கும் குறைவு. அதனால் 370 கலங்களை அப்பளக்கட்டு போல அடுக்கினார்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு வாசல்காரன். காரின் அடியில் சொட்டுவதோ வெறும் தண்ணீர்!