குலுங்காமல் கார் ஓட்டுவது எப்படி?

"மோட்டார்க் கார் ஓட்டத் தெரியுமா?" என்று கேட்டால், "தெரியும்" என்று விடை சொல்வோர் இன்று நம்மிடையே அநேகர். அவர்களுள் எத்தனை பேர் நன்றாக ஓட்டுகிறார்கள் என்பதை அறிய ஓர் எளிய வழி உண்டு. சாரதியைப் பார்க்க வேண்டியதில்லை. பின்னாசனத்தில் இருப்பவரின் தலையைப் பார்த்தால் போதும். கார் புறப்படும்போது அந்தத் தலை பின்னே சாய்ந்து, கியர் மாறும்போது முன்னே குனிந்து, கார் நிற்கும்போது மீண்டும் ஒருமுறை வணக்கம் செலுத்துமாயின், சாரதி இன்னும் பயில வேண்டியவர் என்று துணிந்து சொல்லிவிடலாம்.

தானாகவே கியர் மாறும் 'ஓட்டோ' கார்கள் இக்காலத்தில் பெருகிவிட்டன. அவற்றில் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. ஆயினும் லொறிகள், பஸ்கள், வான்கள், பழைய கார்கள் ஆகியவற்றுட் பல இன்னமும் சாரதி தம் கையாலேயே கியர் மாற்ற வேண்டியவை. தொழிலுக்காகவோ குடும்பத் தேவைக்காகவோ சாரதி அனுமதிப்பத்திரம் பெற முயலும் இளைஞர்களும் யுவதிகளும் இவற்றை ஓட்டப் பழகிக்கொண்டால், எந்த வாகனத்தையும் அஞ்சாது கையேற்கலாம். அத்தகையோருக்குப் பயன்படும் என்ற எண்ணத்தினாலேயே எமது அனுபவம் ஒன்றை முன்வைத்து இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

அன்னையார் சொல்லாத வார்த்தை

அது 1992ஆம் ஆண்டு. பொருளாதாரத் தடையினால் யாழ்ப்பாணத்திலே பெற்றோல் கிடைத்தற்கரிய பொருளாகியிருந்த காலம். அங்கிருந்த பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றரில் சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினைக் கிளப்பி, அது சூடேறிய பின்னர் மண்ணெண்ணெயில் ஓடவிடுவார்கள். மண்ணெண்ணெயிலே எஞ்சினுக்குப் பலம் குறைவு. முரட்டுத்தனமாகக் கிளச்சை விட்டால் கார் இரண்டு முறை துள்ளி நின்றுவிடும். நின்றுவிட்டால் மறுபடி கிளப்புவதற்கும் பெற்றோல் தேடவேண்டும்.

எமது அம்மானிடம் ஒரு மொறிஸ் மைனர் இருந்தது. அலெக் இஸிகோனிஸ் என்பவர் வடிவமைத்து, 1948ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளிவந்த அந்தக் கார் யாழ்ப்பாணத்து வீதிகளுக்கு நன்கு பழக்கமான ஒன்று. அவ்வாண்டு எமது அன்னையாருக்கு வயிற்றிலே சத்திரசிகிச்சை நடந்தது. வீட்டுக்கு அழைத்துவர வேண்டிய நாளிலே அம்மானின் கால் சுளுக்கி வீங்கியிருந்தது. அனுமதிப்பத்திரம் எம்மிடமும் இருந்தது. ஆனால் அதைப் பெற்றபின் காரோட்டிய நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அம்மான் பக்கத்து ஆசனத்தில் அமர, நாமே காரை ஓட்டினோம்.

நான்கு மைல் தூரந்தான். கார் துள்ளிப் புறப்பட்டது. கியர் மாறுந்தோறும் குலுங்கியது. சந்திகளிலே தலைகுப்புற விழுவதுபோல் நின்றது. அன்னையார் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. வீடு வந்து இறங்கும்போதுதான் பார்த்தோம்: இரண்டு கைகளாலும் ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடித்திருந்தார். நெற்றி முழுவதும் வியர்வை. தையல் போட்ட புண்ணை ஒவ்வொரு குலுக்கலும் எவ்வாறு வருத்தியிருக்கும் என்பதை அப்பொழுதுதான் உணர்ந்தோம்.

அன்று மாலை அம்மான் எம்மை அழைத்தார். "தம்பி, பத்து நாளிலை தையல் வெட்டக் கொண்டுபோக வேணும். அதுக்குள்ளை உனக்கு ஒழுங்காய்ப் பழக்கிவிடுறன். கண்ணாடியிலை பின்னாலை இருக்கிற ஆளின்ரை தலையைப் பார்த்து ஓடு. தலை ஆடினால் பிழை உன்னிலை, காரிலை இல்லை" என்றார்.

குலுக்கல் எங்கிருந்து வருகிறது?

அம்மான் முதலிலே கற்பித்தது காரணத்தை. எஞ்சின் எப்பொழுதும் சுழன்றுகொண்டிருக்கும். நின்ற நிலையிலுள்ள கார் ஒன்றில், அக்சிலேற்றரை மிதிக்காதபோதும், அது நிமிடத்துக்கு ஏறக்குறைய 800 முறை சுற்றும். சக்கரங்களோ அசையாமல் நிற்கின்றன. சுழலும் ஒன்றையும் சும்மா நிற்கும் ஒன்றையும் திடீரென்று பிணைத்தால் என்ன நேரும்? கார் துள்ள வேண்டும், அல்லது எஞ்சின் நிற்க வேண்டும். இவ்விரண்டும் நேராதபடி இடையிலே சமாதானம் செய்துவைப்பதுதான் கிளச்.

எஞ்சினோடு சேர்ந்து சுழலும் கனத்த சில்லு ஒன்றின்மீது, உராய்வுப் பூச்சுள்ள தட்டு ஒன்றை வலிய சுருள்வில் அழுத்திப் பிடித்திருக்கிறது. கிளச்சை மிதித்தால் தட்டு விலகும், விட்டால் ஒட்டும். முழுவதும் விலகிய நிலைக்கும் முழுவதும் ஒட்டிய நிலைக்கும் நடுவிலே, தட்டு வழுக்கி வழுக்கிப் பிடிக்கும் சிறிய இடைவெளி ஒன்று உண்டு. குலுங்காமல் ஓட்டும் வித்தை முழுவதும் அந்த இடைவெளிக்குள்ளேதான் இருக்கிறது.

கோயில் தேரிழுப்பைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். வடம் தொய்ந்து கிடக்கையில் எல்லாரும் ஒரே வீச்சில் இழுத்தால் தேர் ஆடும். அனுபவசாலிகள் முதலில் வடத்தை மெல்ல இறுக்குவார்கள். இறுகியது என்று தெரிந்த பிறகே பலத்தைக் கொடுப்பார்கள். தேர் அசைந்ததும் தெரியாமல் நகரும். கிளச்சும் அவ்வாறே.

முதற் பாடம்: புறப்படுதல்

சமமான வெற்று நிலம் ஒன்றை முதலில் தேடிக்கொள்ள வேண்டும். அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். எஞ்சினைக் கிளப்பி, கிளச்சை முழுவதும் மிதித்து, முதற்கியரைப் போடுக. அக்சிலேற்றரைத் தொட வேண்டாம். குதிகாலைத் தரையில் ஊன்றிக்கொண்டு இடது காலை மிக மெதுவாக உயர்த்துக. ஓர் இடத்தில் எஞ்சினின் ஓசை சற்றுத் தாழும். காரிலே மெல்லிய நடுக்கம் தோன்றும். அதுவே கிளச் பிடிக்கும் இடம். அவ்விடத்திற் காலை நிறுத்துக. கார் தானாக நகரத் தொடங்கும். நகர்ந்த பின்னரும் இரண்டு விநாடி பொறுத்து, அதன்பிறகு காலை எடுக்கலாம்.

புதியவர்கள் செய்யும் பிழை யாதெனில், கார் அசைந்தவுடனே காரியம் முடிந்தது என்று எண்ணிக் காலை உதறிவிடுவதாகும். கார் அசைந்ததேயன்றி, எஞ்சினின் வேகத்தை இன்னும் எட்டவில்லை. முதற்கியரிலே எஞ்சின் 800 சுற்றுச் சுற்றும்போது சாதாரணக் கார் ஒன்று மணிக்கு ஆறு, ஏழு கிலோமீற்றர் வேகத்தில் செல்லும். அதாவது ஒருவர் விரைந்து நடக்கும் வேகம். கார் அந்த வேகத்தை அடையும்வரை கிளச்சுக்கு வேலை இருக்கிறது. "நடக்கிற வேகம் வருமட்டும் காலை உதறாதை" என்பது அம்மானின் சூத்திரம்.

அக்சிலேற்றரின் துணையின்றி இவ்வாறு இருபது முப்பது முறை புறப்பட்டு நிறுத்தினால், பிடிக்கும் இடத்தைக் கால் தானே அறிந்துகொள்ளும். அதன் பின்பு வலது காலால் சிறிது பெற்றோல் கொடுத்துப் பழகலாம். கார் மாறினால் அந்த இடமும் மாறும். ஆகையால் பிறருடைய காரை ஓட்ட நேர்ந்தால், முதலில் ஒருமுறை மெதுவாக அந்த இடத்தைத் தேடிப் பார்ப்பது நன்று.

இரண்டாம் பாடம்: கியர் மாற்றுதல்

ஓடும் காரில் குலுக்கல் ஏன் வருகிறது? காரணம் ஒன்றேதான்: எஞ்சினின் வேகமும் சக்கரத்தின் வேகமும் பொருந்தாமை. முதற்கியரில் எஞ்சின் 3,000 சுற்றில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே வேகத்தில் செல்லும் கார் இரண்டாங்கியருக்கு மாறினால், எஞ்சின் ஏறக்குறைய 1,700 சுற்றுக்கு இறங்கவேண்டும். அது இறங்குவதற்கு ஒரு கணம் தேவை. கிளச்சை மிதித்து, அக்சிலேற்றரை விட்டு, கியர்த் தடியை அவசரமின்றி நகர்த்தினால் அந்தக் கணம் தானாகவே கிடைக்கும். தடியை முறுகப் பிடித்துக் குத்தாமல், உள்ளங்கையால் தள்ளினாற் போதும்.

கியர் குறைக்கும்போது நிலைமை நேர்மாறானது. மூன்றாங்கியரில் 2,000 சுற்றில் ஓடும் எஞ்சின், இரண்டாங்கியரில் ஏறக்குறைய 3,000 சுற்றுச் சுற்றவேண்டும். வெறுமனே கிளச்சை விட்டால், அந்த ஆயிரம் சுற்றையும் காரின் ஓட்டமே எஞ்சினுக்குக் கொடுக்கவேண்டியிருக்கும். பின்னாசனத்துத் தலை முன்னே குனியும். கிளச் மிதிபட்டிருக்கும்போதே அக்சிலேற்றரைச் சிறிது தொட்டு எஞ்சினை உயர்த்திவிட்டுக் காலை எடுத்தால், கியர் மாறியதே தெரியாது.

பழைய காலத்துச் சாரதிகளுக்கு இது கட்டாயக் கல்வி. பற்கள் உரசாமல் கியரைச் சேர்த்துவைக்கும் 'சிங்குறோமெஷ்' என்னும் அமைப்பு 1928ஆம் ஆண்டிலேதான் அமெரிக்காவின் கடிலாக் கார்களில் முதன்முதலாக அறிமுகமாயிற்று. அம்மானின் மொறிஸ் மைனரிலே முதற்கியருக்கு அது இல்லை. ஓடும்போது அந்தக் கியரைப் போட முயன்றால், அடுத்த ஒழுங்கைக்கும் கேட்கும்படி அது கூச்சலிடும். இக்காலக் கார்கள் கூச்சலிடுவதில்லை. ஆனால் பிழையைச் சுட்டிக்காட்ட யாரும் இல்லாமையால் நாம் திருந்துவதுமில்லை.

மூன்றாம் பாடம்: நிறுத்துதல்

பிரேக்கை ஒரே அழுத்தாக அழுத்திப் பிடித்தபடியே நின்றால், கார் நிற்கும் கணத்தில் முன்னே குனிந்து பின்னே நிமிரும். முதலில் மெதுவாகத் தொட்டு, நடுவில் வேண்டிய அளவு அழுத்தி, கார் நிற்பதற்குச் சற்றுமுன் அழுத்தத்தைத் தளர்த்துக. எங்கே நிற்கவேண்டும் என்பதை முன்கூட்டியே பார்த்து வைத்திருப்பவராலேயே இவ்வாறு செய்ய முடியும். ஆகவே நன்றாக நிறுத்துபவர் கூர்ந்து நோக்கும் சாரதியாகவும் இருப்பார். ஆபத்து வந்தவிடத்து மட்டும் இந்த நயம் வேண்டாம். அங்கே பிரேக்கை முழுப் பலத்தோடு மிதிக்கவேண்டும்.

மலைநாடு செல்வோர்க்கு

யாழ்ப்பாணத்திலே ஏற்றமும் இறக்கமும் இல்லை. அங்கே பழகியவர் முதன்முறையாகக் கொழும்பிலிருந்து கண்டிக்குப் போகும்போது, கடுகண்ணாவை ஏற்றத்திலே வாகன வரிசையில் நிற்க நேர்ந்தால் திகைத்துப் போவார். பின்னே உருளாமல் புறப்படும் முறை கடினமன்று. கைப்பிரேக்கை இழுத்துவைத்து, முதற்கியரைப் போட்டு, சிறிது பெற்றோல் கொடுத்து, கிளச்சைப் பிடிக்கும் இடம்வரை விடுக. எஞ்சினின் ஓசை தாழ்ந்து, கார் முன்னே செல்லத் துடிப்பது தெரியும். அதன் பின்னரே கைப்பிரேக்கை விடுக.

இறக்கத்திலே கவனம் இன்னும் அதிகம் வேண்டும். பெற்றோலை மிச்சம் பிடிப்பதாக எண்ணிக் கியரை நியூற்றலில் விட்டு உருளுவோர் உண்டு. 2022ஆம் ஆண்டில் எரிபொருளுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்ற நம்மவர்க்கு அந்த ஆசை தோன்றுவது இயல்பே. ஆனால் இக்காலத்து எஞ்சின்கள், கியரில் இருந்தபடி அக்சிலேற்றரை விட்டு இறங்கும்போது, எரிபொருளைத் தாமே நிறுத்திக்கொள்கின்றன. நியூற்றலிலோ எஞ்சின் சுழல்வதற்கு எரிபொருள் செலவாகிறது. அதுமட்டுமன்று, காரைப் பிடித்து நிறுத்தும் பாரம் முழுவதும் பிரேக்கின்மீது விழுகிறது. நெடிய இறக்கத்திலே பிரேக் அளவுமீறிச் சூடேறினால் பிடிப்புக் குறைந்து, உயிருக்கே ஆபத்தாகும். ஏறும்போது எந்தக் கியர் தேவைப்பட்டதோ, ஏறக்குறைய அதே கியரில் இறங்குவது நல்ல வழக்கம்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். ஓடும்போது இடது காலைக் கிளச்சின்மேல் வைத்திருப்பது ஆகாது. தட்டு சிறிது சிறிதாக வழுக்கித் தேய்ந்துபோகும். வேலை முடிந்ததும் காலைத் தரையில் வைத்துவிடுக.

பத்தாம் நாள்

அம்மான் சொன்னபடியே கற்பித்தார். கோயிலின் வெளிவீதியிலே, கிடைத்த மண்ணெண்ணெயில், நாள்தோறும் கால்மணி நேரம் பழகினோம். புறப்படுவதும் நிற்பதுமே பாடம். பின்னாசனத்திலே அம்மானின் சின்ன மகள் அமர்ந்து, தன் தலை ஆடியபோதெல்லாம் உரத்த குரலில் எண்ணிக்கொண்டிருந்தாள். முதல் நாள் எண்ணிக்கை நாற்பதைத் தாண்டியது. ஒன்பதாம் நாள் ஐந்திலே நின்றது.

பத்தாம் நாள் அன்னையாரை ஏற்றிக்கொண்டு அதே நான்கு மைல் போனோம். அன்றும் அவர் தலையணையைக் கையோடு கொண்டுவந்து காரில் ஏறினார். எம்மீது அவருக்கு அவ்வளவு நம்பிக்கை! தையல் வெட்டி முடிந்து திரும்பும் வழியிலே கண்ணாடியைப் பார்த்தோம். தலையணை மடியிலிருந்து நழுவி ஆசனத்திலே கிடந்தது. அன்னையார் தலையைச் சாய்த்து உறங்கிக்கொண்டிருந்தார்.

வீட்டுப் படலையடியில் காரை நிறுத்தினோம். சிறிது நேரங் கழித்தே கண் விழித்தார்.

"வந்திட்டமோ, தம்பி?" என்று கேட்டார்.

அனுமதிப்பத்திரம் தருவோர் நமது திறமையைச் சில நிமிடங்களே சோதிப்பார்கள். நம்மை நம்பிப் பின்னாசனத்தில் ஏறுகின்ற முதியோரும் நோயாளரும் கைக்குழந்தையோடு வரும் தாய்மாரும் ஒவ்வொரு நாளும் சோதிக்கிறார்கள். இளஞ் சாரதிகள் அந்தச் சோதனையிலும் சித்தியடைய முயல்வார்களாக.