கிரிவல நேரமும் பிறழும் நிரலும்

திருவண்ணாமலையில் பௌர்ணமி தொடங்கும் நேரத்தைப் பார்த்தே பலர் 14 கிலோமீட்டர் கிரிவலத்துக்குப் புறப்படுவதால், அந்நேரத்தைக் காட்டும் கைப்பேசிச் செயலியின் சிறு பிழையும் அவர்களை அலைக்கழித்துவிடும். இத்தகைய செயலிகள் பலவும், 2000ஆம் ஆண்டில் ராய் ஃபீல்டிங் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டில் வகுத்த ‘ரெஸ்ட்’ முறையைத் தழுவி, தொலைவிலுள்ள சர்வரிடம் தகவல் கேட்டுப் பெறுகின்றன. எதைக் கேட்கலாம், பதில் எவ்வடிவில் வரும் என்று கூறும் விவரக்குறிப்பு எனும் கோப்பைப் படித்து, கேட்பதற்கான நிரலை ஒரு கருவியே எழுதித் தருவதும் உண்டு.

சர்வர் ‘22:00’ என்பதை நேர மண்டலக் குறிப்பின்றி அனுப்பினால், அவ்வாறு உருவான நிரல் அதை உலகப் பொது நேரமாகக் கொண்டு ஐந்தரை மணி நேரம் கூட்டி, இரவு 10 மணிப் பௌர்ணமியை மறுநாள் அதிகாலை 3.30 ஆக்கிவிடக்கூடும்; வேறு சில நிரல்கள் பிழை காட்டி நின்றுவிடும். அப்போது முதலில் செய்யவேண்டியது, ‘கர்ல்’ போன்ற கருவியால் சர்வரின் பதிலை உள்ளபடியே பெற்று, விவரக்குறிப்போடு வரிவரியாக ஒப்பிடுவதாகும். உருவான கோப்பிலேயே கைவைப்பது வீண் உழைப்பு; கருவி மறுமுறை இயங்கியதும் அத்திருத்தம் அழிந்துவிடும். சர்வரே ‘+05:30’ என்ற நேர மண்டலக் குறிப்பைச் சேர்த்து அனுப்புமாறு செய்தால் திருத்தம் நிலைக்கும்.