உங்களுக்குத் தெரியுமா? மின் நிலையத்தின் நிழலில் குடிநீர்

கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் பல, மின் நிலையத்தை ஒட்டியே நிற்கின்றன. காரணம், செலவுக் கணக்கு. டர்பைனைச் சுழற்றிவிட்டு வரும் நீராவியில் மிச்சமிருக்கும் வெப்பத்தைக் கொண்டே கடல்நீரை ஆவியாக்கலாம். நீராவியை இடையிலேயே எடுப்பதால் மின் உற்பத்தி கொஞ்சம் குறையும். ஆனாலும் தண்ணீருக்கென்று தனிக் கொதிகலன் வைத்து எரிபொருளை எரிப்பதைவிட இது மலிவு.

கடல்நீரை அழுத்தத்தால் சவ்வு வழியே வடிகட்டும் ஆர்ஓ ஆலைக்குக் கிடைக்கும் லாபம் வேறு. கடல்நீரை எடுக்கும் குழாயையும் வெளியேற்றும் கால்வாயையும் மின் நிலையத்தோடு பங்கிட்டுக்கொள்ளலாம். மின் நிலையத்தைக் குளிர்வித்து வரும் வெதுவெதுப்பான நீர், சவ்வில் எளிதாகப் புகும். பம்ப்புக்கான மின்சாரம் மிச்சமாகும்.

நம் கல்பாக்கத்தில், அணுமின் நிலையத்தோடு இணைந்த செயல்விளக்க ஆலையில் இரண்டு முறையும் உண்டு. நாளொன்றுக்கு வெப்ப முறையில் 45 லட்சம் லிட்டர், ஆர்ஓ முறையில் 18 லட்சம் லிட்டர் அதன் திறன்.

இந்தக் கூட்டுக் குடித்தனத்தில் சிக்கலும் உண்டு. வளைகுடா நாடுகளில் குளிர்காலம் வந்தால் ஏசி ஓய்ந்து மின் தேவை சரியும். குடிநீர்த் தேவை அந்த அளவுக்குக் குறையாது. தண்ணீருக்காகவே மின் நிலையத்தை ஓட்ட வேண்டிவரும். அங்கே புதிய ஆலைகள் ஆர்ஓ பக்கம் சாய்வதற்கு இதுவும் முக்கியமான காரணம்.

மின் நிலையமே மூடப்பட்டால் இன்னொரு சிக்கல். கலிபோர்னியாவின் கார்ல்ஸ்பாடு ஆர்ஓ ஆலை, 2015இல் என்சினா மின் நிலையத்தின் குளிர்விப்பு நீரை நம்பித் தொடங்கப்பட்டது. 2018 டிசம்பரில் அந்த மின் நிலையம் மூடப்பட்டது. கடல்நீரை எடுக்கும் அமைப்பைப் புதிதாகக் கட்ட வேண்டிய நிலை ஆலைக்கு வந்தது.