கிழித்து அனுப்பிய பக்கம்

1836-ஆம் ஆண்டுக்குப் பிறகு அமெரிக்காவில் வயதான விதவைகள் பலர், வீட்டு வேதப்புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்து வாஷிங்டனில் இருந்த ஓய்வூதிய அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். தங்கள் கல்யாண நாளும் பிள்ளைகள் பிறந்த நாள்களும் எழுதியிருந்த தாள் அது. வேறெந்தத் தாளையும் கிழிக்க மனம் வந்திராத புத்தகம். ஆனால் சாப்பாட்டுக்கு வழி வேண்டுமே.

இங்கிலாந்தை எதிர்த்து நடந்த விடுதலைப் போர் 1783-இல் முடிந்திருந்தது. போர்ப் பணி முடிவதற்குள் மணம் முடித்திருந்த வீரர்களின் விதவைகளுக்கு ஓய்வூதியம் தர 1836-இல் ஒரு சட்டம் வந்தது. 1794-க்கு முன் மணமானவர்களுக்கும் 1838-இல் அது விரிந்தது. கல்யாணம் நடந்ததற்கு அத்தாட்சி கேட்டார்கள். அரசாங்கமே பிறப்பையும் திருமணத்தையும் பதியும் வழக்கம் அப்போது பெரும்பாலான மாநிலங்களில் ஒழுங்காக வந்திருக்கவில்லை. ராணுவத்தின் பழைய ஆவணங்களோ 1800-இல் போர்த்துறை அலுவலகத்தில் பிடித்த தீயில் எரிந்துபோயிருந்தன. மிஞ்சியது வேதப்புத்தகத் தாள்தான். அந்தப் போர் தொடர்பான சுமார் 80,000 ஓய்வூதிய, நிலமானியக் கோப்புகள் இன்று அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றுள் அந்தக் கிழிந்த தாள்களும் உண்டு. வம்சாவளி தேடுகிறவர்களுக்கு அவை பெரும் புதையல்.

பல வீடுகளில் இருந்த ஒரே புத்தகம் வேதப்புத்தகம்தான். தாள் கெட்டி, அட்டை உறுதி. வீடு மாறினாலும் முதலில் எடுத்து வைக்கும் பொருள். பழைய ஏற்பாட்டுக்கும் புதிய ஏற்பாட்டுக்கும் நடுவே வெற்றுத் தாள்கள் இருந்தன. மக்கள் அங்கே எழுதுவதைப் பார்த்த அச்சகத்தார் பின்னாளில் பிறப்பு, திருமணம், இறப்பு என்று தலைப்பும் கட்டமும் போட்டே விற்கத் தொடங்கினார்கள். நம்மூர்க் கிறிஸ்தவ வீடுகளிலும் வேதப்புத்தகத்தின் முன்தாளில் பிள்ளைகளின் பிறந்த நாளும் ஞானஸ்நான நாளும் எழுதியிருப்பதைப் பார்க்கலாம். மற்ற வீடுகளில் ஜாதக நோட்டு செய்த வேலை அது.

அப்படி ஒரு புத்தகம் உங்கள் கைக்கு வந்தால் உடனே பெயர்களைப் படிக்கப் போகாதீர்கள். முதலில் தலைப்புப் பக்கத்தைத் திருப்பி, அச்சான ஆண்டைப் பாருங்கள். முன்பக்கம் கிழிந்திருந்தால் புதிய ஏற்பாட்டின் தொடக்கத்தில் தனித் தலைப்புப் பக்கம் இருக்கும். அங்கேயும் பெரும்பாலும் ஆண்டு போட்டிருப்பார்கள். புத்தகம் 1820-இல் அச்சாகியிருக்க, முதல் குறிப்பு 1765 என்று இருந்தால், அதை எழுதியவர் நிகழ்ச்சி நடந்தபோது எழுதவில்லை. வேறொரு பழைய புத்தகத்தைப் பார்த்து எழுதியிருக்கலாம். பாட்டி சொல்லக் கேட்டும் எழுதியிருக்கலாம். அதனால் அது பொய் என்று ஆகிவிடாது. நேரில் கண்ட சாட்சி, கேட்டுச் சொன்ன சாட்சி ஆகிறது, அவ்வளவுதான்.

அடுத்தது மை. பத்துப் பிள்ளைகளின் பிறப்பும் ஒரே மையில், ஒரே கையெழுத்தில், ஒரே சாய்வில் இருந்தால் ஒரே நாளில் உட்கார்ந்து எழுதியது என்று கொள்ளலாம். மை மாறி, பேனா முனை மாறி, முதுமையில் எழுத்தே நடுங்கத் தொடங்கியிருந்தால் அந்தப் பக்கம் பொன். ஒவ்வொரு வரியும் அந்தந்த நாளில் எழுதப்பட்டது என்பதற்கு அந்த நடுக்கமே சான்று. அக்காலத்து மை பெரும்பாலும் மாசிக்காயும் அன்னபேதியும் பிசினும் சேர்த்துச் செய்தது. முதல் இரண்டும் நம் நாட்டு மருந்துக் கடையில் இன்றும் கிடைக்கிற சரக்குதான். எழுதும்போது வெளிறித் தெரியும், காற்றுப் பட்டுக் கறுக்கும், நூறாண்டுகளில் பழுப்பாகும். அதிலுள்ள இரும்பும் அமிலமும் நாளடைவில் தாளையே அரித்துவிடுவதும் உண்டு. மங்கிப்போன எழுத்தைப் புற ஊதா விளக்கில் பார்த்தால், தாள் ஒளிர, எழுத்து கறுப்பாக எழுந்து வரும். சாயங்களிலும் ஒரு துப்பு இருக்கிறது. முதல் செயற்கைச் சாயமான ஊதா 1856-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. 1790 என்று தேதியிட்ட வரி செயற்கைச் சாய மையில் இருந்தால், பிற்காலத்தில் யாரோ சேர்த்திருக்கிறார்கள்.

பலரும் இடறி விழும் இடம் தேதி. ஒரு புத்தகத்தில் கல்யாணம் 1731 மே 1, தலைப்பிள்ளை 1731 பிப்ரவரி 5 என்று இருந்தால் என்ன நினைப்போம்? கல்யாணத்துக்கு முன்பே பிள்ளை என்றுதான். அது அந்தத் தாய்க்கு நாம் இழைக்கும் அநீதி. 1752-க்கு முன் இங்கிலாந்திலும் அதன் குடியேற்றங்களிலும் சட்டப்படி ஆண்டு பிறந்தது மார்ச் 25-இல். ஆகவே மே மாதத்துக்குப் பிறகு வந்த பிப்ரவரியும் அதே 1731தான். பிள்ளை பிறந்தது கல்யாணமாகி ஒன்பது மாதம் கழித்து. இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கச் சிலர் இரண்டு ஆண்டையும் சேர்த்து எழுதினார்கள். ஜார்ஜ் வாஷிங்டனின் வீட்டு வேதப்புத்தகத்தில் அவர் பிறப்பு 1731/2 பிப்ரவரி 11, காலை பத்து மணி அளவில் என்று குறித்திருக்கிறார்கள். ஆனால் அவர் பிறந்த நாளாக இன்று சொல்வது பிப்ரவரி 22. 1752-இல் நாட்காட்டியைத் திருத்தியபோது செப்டம்பர் 2-க்கு அடுத்த நாள் செப்டம்பர் 14 ஆனது; பதினோரு நாள் போயிற்று. பழைய தேதியோடு அந்தப் பதினொன்றைக் கூட்டினால் 22.

பெயர்களிலும் கவனம் வேண்டும். ஒரே தாய்க்கு ஜான் என்று இரண்டு பிள்ளைகள் இருந்தால் எழுத்துப்பிழை என்று எண்ணாதீர்கள். முதல் ஜான் இறந்தபின் பிறந்தவனுக்கும் அதே பெயரை வைத்திருப்பார்கள். அந்த இரண்டு வரிகளுக்கும் இடையே ஒரு சாவு இருக்கிறது. இறப்புப் பக்கத்தில் அதைத் தேட வேண்டும். தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைக்கும் நமக்கு இன்னொரு சிக்கலும் சொல்லாமலே புரியும்: மூன்று தலைமுறைக்கு ஒரே பெயர். ஜூனியர் என்று எழுதியிருந்தாலும் மகன் என்று முடிவுகட்ட முடியாது. ஊரில் அதே பெயருடைய மூத்தவர் வேறொருவர் இருந்தாலும் இளையவரை அப்படித்தான் அழைத்தார்கள்.

இவ்வளவும் பார்த்தபின்தான் வெளியே தேடப் போக வேண்டும். இங்கிலாந்தில் 1538 முதல் தேவாலயப் பதிவேடுகளும் 1837 முதல் அரசுப் பதிவும் உண்டு. அமெரிக்கக் கணக்கெடுப்பில் வீட்டிலுள்ள ஒவ்வொருவரின் பெயரும் எழுதப்படத் தொடங்கியது 1850-இல். அதற்கு முன் குடும்பத் தலைவரின் பெயர் மட்டும். கல்லறைக் கல், உயில், நிலப் பத்திரம் ஆகியவற்றோடும் வேதப்புத்தக வரியை ஒப்பிட வேண்டும். இரண்டு தேதி முரண்பட்டால், நிகழ்ச்சி நடந்த காலத்துக்கு அருகில் எழுதியது எது என்று பார்க்கவேண்டும்.

ஆனால் 1850, 1860 கணக்கெடுப்புகளிலும் பெயரே எழுதப்படாத மக்கள் இருந்தார்கள். அடிமைகளாக இருந்த கறுப்பின மக்களை உடைமையாளரின் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம் என்று மட்டுமே குறித்தார்கள். அவர்களுடைய பெயர்கள் முறையாகக் கணக்கெடுப்பில் ஏறியது 1870-இல்தான். அதற்கு முன்னே போக முயல்கிறவர்களுக்கு அந்த ஆண்டு ஒரு சுவர். சில பண்ணை வீடுகளின் வேதப்புத்தகத்தில், எசமானின் பிள்ளைகளுடைய பக்கத்துக்குப் பின்னால், அடிமைப் பிள்ளைகளின் பிறப்பும் எழுதியிருக்கிறது. பிள்ளையின் பெயர் இருக்கும், தேதி இருக்கும். சில இடங்களில் தாயின் பெயரும் இருக்கும். பிள்ளைகளையும் உடைமையாகக் கணக்கு வைத்ததால் எழுதிய வரிகள் அவை. இன்று அவர்களின் வழிவந்தவர்களுக்கு முப்பாட்டியின் பெயர் கிடைக்கும் ஒரே இடமாகவும் அது இருக்கக்கூடும். ரிச்மண்ட் நகரிலுள்ள வர்ஜீனியா நூலகம் இத்தகைய வேதப்புத்தகக் குறிப்புகளைப் பெருமளவில் சேர்த்து வைத்திருக்கிறது. அங்கே தன் முப்பாட்டியைத் தேடுகிற ஒருவர், முதலில் அவளை உடைமையாக வைத்திருந்தவரின் குடும்பப் பெயரைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தப் பெயரின் கீழ்தான் அவள் இருப்பாள்.