துரு ஓடும் ஓடை! அள்ளினால் பெயிண்டு!

அமெரிக்காவின் ஓகையோ மாநிலத்தில் "சண்டே கிரீக்" என்று ஒரு ஓடை. அதாவது, ஞாயிற்றுக்கிழமை ஓடை! பக்கத்திலேயே "மண்டே கிரீக்" என்று திங்கட்கிழமை ஓடையும் உண்டு. இரண்டுக்கும் ஒரே நோய்தான்: துரு.

சண்டே கிரீக் ஓடையில் ட்ரூடவுன் என்ற இடத்தில் பூமிக்குள்ளிருந்து தண்ணீர் பொங்கி வந்து கலக்கிறது. கலந்த இடத்திலிருந்து ஓடை முழுவதும் ஆரஞ்சுக் கலர். அடியில் சேறு போலத் துரு. மீன் பிழைக்காது.

பழைய பாவம்

இது நிலக்கரி வெட்டிய பூமி. 1930 நவம்பர் 5ந் தேதி மில்பீல்டு சுரங்கம் வெடித்து 82 பேர் பலியானதும் இந்த ஓடைப் பக்கம்தான்.

பிறகு சுரங்கங்களை மூடிவிட்டு கம்பெனிகள் நடையைக் கட்டின. காலிச் சுரங்கத்தில் தண்ணீர் நிரம்பியது. நிலக்கரியோடு பைரைட் என்ற கல்லும் இருக்கும். அதில் இரும்பும் கந்தகமும் உண்டு. காற்றும் தண்ணீரும் பட்டால் கந்தக அமிலம் உண்டாகி, இரும்பு கரைந்து வரும். வெளியே வந்ததும் துருவாகப் படியும்.

ட்ரூடவுனில் மட்டும் நிமிஷத்துக்குச் சுமார் 3,800 லிட்டர்! நம்ம ஊர் தண்ணீர் லாரி மூன்றே நிமிஷத்தில் நிரம்பிவிடும். தினமும் கிட்டத்தட்ட 2,700 கிலோ இரும்பு ஆக்சைடு ஓடையில் சேரும்.

யார் பேரில் கேஸ்?

வெட்டியவனே பூமியைச் சரிசெய்யவேண்டும் என்று 1977ல்தான் அங்கே சட்டம் வந்தது. அதற்கு முன்பே போனவர்களை எங்கே தேடுவது? நிலக்கரி மீது தீர்வை போட்டு அரசாங்கம் நிதி சேர்த்தது. ஆனால் சுண்ணாம்பு போட்டு அமிலத்தை முறிக்கலாம் என்றால், இன்று போட்டது நாளைக்கு ஆகாது. வருஷக்கணக்கில் கொட்டிக்கொண்டே இருக்கவேண்டும். அந்தச் செலவு யார் தலையில்?

காவிதானே!

ஓகையோ பல்கலைக்கழக என்ஜினீயரிங் பேராசிரியர் கய் ரீப்லர் யோசித்தார். இந்தத் துருவும் நாம் தரைக்குப் பூசும் ரெட் ஆக்சைடும் ஒரே சரக்குதானே! கலரைச் சரிபார்க்க அதே பல்கலைக்கழக ஓவியர் ஜான் சாப்ராவைச் சேர்த்துக்கொண்டார்.

அமிலத்தை முறித்து, காற்றை ஊதி, துருவைப் படியவைத்து எடுக்கிறார்கள். கழுவி, காயவைத்து, சூளையில் சுடுகிறார்கள். சூடு ஏற ஏற மஞ்சள் சிவப்பாகும், இன்னும் ஏறினால் ஊதா! தெளிந்த தண்ணீர் ஓடைக்கே போகும்.

"ரூரல் ஆக்சன்" என்ற தொண்டு அமைப்பும் கைகொடுத்தது. காம்ப்ளின் என்ற வர்ணக் கம்பெனி மூன்று கலர்களை டியூபில் அடைத்தது. 2018ல் பொதுமக்களிடம் பணமும் திரட்டினார்கள்.

ஆனால் ஒரு கணக்கு இருக்கிறது. படம் வரைகிறவர்கள் வருஷத்துக்கு எத்தனை டியூபு வாங்கிவிடப் போகிறார்கள்? தினம் 2,700 கிலோ விலைபோக வேண்டுமே! சுவர் பெயிண்டு, செங்கல், சிமெண்டு ஓடு செய்கிறவர்கள் மூட்டை மூட்டையாக வாங்கினால்தான் ஆலை கட்டுப்படியாகும்.