பிளேஆஃப்ல மெஸ்ஸியே வேற ஆளா?

மார்க் மெஸ்ஸியே. ஃபுட்பால் மெஸ்ஸி இல்லங்க, இவர் ஐஸ் ஹாக்கி. என்ஹெச்எல் ரெகுலர் சீசன்ல 1,756 மேட்ச்; கோல், அசிஸ்ட் சேர்த்து 1,887 பாயிண்ட். மேட்சுக்கு 1.07. பிளேஆஃப்ல 236 மேட்சுக்கு 295, அதாவது 1.25. கிரெட்ஸ்கிக்கே பிளேஆஃப்ல 1.92, 1.84ஆ இறங்குது. இவருக்கு மட்டும் ஏறுது!

'பிரஷர் வந்தா ஜொலிப்பார்'னு சொல்லிட்டுப் போயிடலாம். ஆனா டேட்டாவுல ஒரு பொறி இருக்கு. கடைசி 7 சீசன் அவர் டீம் பிளேஆஃபுக்கே போகல. 36 வயசுக்கு மேல ஆடினதெல்லாம் ரெகுலர் சீசன் சராசரியை மட்டும்தான் கீழ இழுத்திருக்கு.

அதனால ஒரே வருஷத்தை எடுத்துப் பாருங்க. 1983-84 சீசன்ல 73 மேட்ச், 101 பாயிண்ட்: 1.38. அந்த வருஷ பிளேஆஃப்ல 19 மேட்ச், 26 பாயிண்ட்: 1.37. பிளேஆஃபோட சிறந்த வீரருக்கான கான் ஸ்மைத் கோப்பை அவருக்குத்தான் கிடைச்சுது.